பட்டியலிலிருந்து அடிக்கப்பட்ட நான்கு நூல்கள்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இஷா தொழுகைக்குப் பின் எம் மஹல்லா நூலகக் குழு கூடியது. நூலகம் என்று பெருமையாகச் சொல்வதற்கில்லை. மதரஸாவின் மாடியில் ஓர் அறை, மூன்று அலமாரிகள், ஒரு நீண்ட மேசை, ஓயாது முனகும் ஒரு மின்விசிறி; அவ்வளவே. வளைகுடாவில் பணிபுரியும் எம் ஊர்ச் சகோதரர்கள் நூல் வாங்குவதற்கென்று ஒரு தொகை அனுப்பியிருந்தார்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் வாங்கவேண்டிய நூல்களின் பட்டியல் அன்று வாசிக்கப்பட்டது. தப்ஸீர் தொகுதிகள், ஹதீஸ் தொகுப்புகள், ஸஹாபாக்களின் வரலாறுகள், அரசுப் போட்டித் தேர்வுக்கான வழிகாட்டிகள், சிறுவர் நூல்கள் என்று பட்டியல் நீண்டது. ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. இறுதியில் நூலகப் பொறுப்பிலிருக்கும் இளைஞர் நான்கு புதினங்களைச் சேர்த்திருந்தார். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', அவருடைய 'சாய்வு நாற்காலி', கீரனூர் ஜாகிர்ராஜாவின் 'மீன்காரத் தெரு', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. நான்கும் முஸ்லிம்கள் எழுதியவை. நான்கும் தமிழ் முஸ்லிம்களின் வாழ்வைச் சொல்பவை. ஐந்து நிமிடங்களுக்குள் நான்கும் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன.

"கதைப் புத்தகம் வாங்குவதற்காகவா பிள்ளைகள் வெயிலில் வெந்து பணம் அனுப்புகிறார்கள்?" என்றார் ஒரு பெரியவர். "நம் குறையை நாமே எழுதி ஊர் சிரிக்க வைத்தவர்கள் இவர்கள்" என்றார் மற்றொருவர். சல்மாவின் பெயர் வந்தபோது, பெண்பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் அது இருக்கலாகாது என்று மூன்று குரல்கள் ஒன்றாக எழுந்தன. "நானா, நீங்கள் அதைப் படித்திருக்கிறீர்களா?" என்று அந்த இளைஞர் பணிவாகவே கேட்டார். "படிக்கவேண்டியதில்லை தம்பி, கேள்விப்பட்டிருக்கிறோம்" என்று பதில் வந்தது. அத்தோடு துஆ ஓதிக் கலைந்தோம்.

அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். அந்த நான்கு நூல்களையும் படித்தும் இருந்தோம். ஆயினும் வாய் திறக்கவில்லை. ஊரில் நாலு பேர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களே என்ற அச்சமன்றி அதற்கு வேறு காரணம் இல்லை. அன்றிரவு சொல்லாமல் விழுங்கியதை இன்று எழுத முனைகிறோம்.

கதை என்பது நம் இல்லங்களுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கன்று. எம் உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அரபுத்தமிழ் தெரியும். மஃக்ரிபுக்குப் பின் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் அமர்ந்திருக்க, அவர் 'நூறு மஸாலா'வை இராகம் போட்டு ஓதுவார். தன் விடுகதைகளுக்கு விடை சொல்பவனையே மணப்பேன் என்று நிபந்தனை விதித்த ஓர் அரசிளங்குமரியின் கதை அது. மார்க்க வினாக்களும் உலக வினாக்களும் அதில் கலந்து வரும். ஒரு பெண் கேள்வி கேட்பதும் ஆண் பதில் சொல்லித் தேறுவதுமாகிய அக்கதையை ஹராம் என்று அந்தத் தெருவில் எவரும் சொன்னதாக நாம் அறியோம். உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5,027 விருத்தங்களைக் கொண்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவாழ்வைப் பாட வந்த அந்தப் புலவர், அரபு நாட்டை வருணிக்கும்போது அங்கே வயலையும் வாய்க்காலையும் நெற்கதிரையும் கொண்டுபோய் வைத்தார். வரலாற்று ஆசிரியன் அதைப் பிழை என்பான். நம் முன்னோர் அதைப் பிழையென்று தள்ளவில்லை. அரபு மண்ணைத் தம் மண்ணாக எண்ணிப் பார்க்கும் வாய்ப்பாகவே கொண்டார்கள்.

உரைநடைப் புதினத்துக்கும் நாம் பிந்தி வந்தவர்களல்லர். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 'அஸன்பே சரித்திர'த்தை வெளியிட்டார். 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்தியவரும் பள்ளிக்கூடங்களுக்காக அலைந்தவரும் அவரே. எம் ஊரிலிருந்து பேருந்தில் அரைமணி நேரத்தில் சென்றுவிடக்கூடிய நாகூரில், மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன சித்தி ஜுனைதா பேகம் என்ற பெண்மணி 1938இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். நாகூர் கந்தூரிக்கு ஆண்டுதோறும் போய்வருபவர்களில் எத்தனை பேர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருப்போம்? நாமே நாற்பது வயதுக்குப் பிறகுதான் அறிந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

கதை பொய்யாயிற்றே என்ற வாதத்துக்கு ஆலிம்களே விடை சொல்லவேண்டும்; நாம் பாமரர். ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். வரலாறுகளில் மிக அழகியது என்று அல்லாஹ்வே சிறப்பித்துச் சொன்னது யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு. அதில் ஒரு நபியின் வீட்டுக்குள்ளேயே பொறாமை இருக்கிறது. உடன்பிறந்தவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு வந்து தந்தையிடம் அழுது நடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பெண்ணின் ஆசை, பொய்ப்பழி, குற்றமற்றவனுக்குச் சிறை என்று எல்லாம் இருக்கின்றன. அவற்றில் எதுவும் மூடி மறைக்கப்படவில்லை. நம் சிறுமிகளும் அந்த சூராவை ஓதுகிறார்கள். மனிதப் புதினத்தை இறைவேதத்தோடு ஒப்பிடும் துணிவு எமக்கில்லை. ஆயினும், வீட்டுக்குள் நிகழும் தவறுகளைச் சொல்லவே கூடாது என்ற விதியை நாம் எங்கிருந்து பெற்றோம் என்ற ஐயம் எழாமல் இல்லை.

இனி எமக்குப் பிரியமான மீரானைப் பற்றி. தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்து, திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்துகொண்டே எழுதியவர் அவர். பள்ளியில் அவர் கற்றது மலையாளம். தமிழைச் செவிவழியாகவும் வாழ்வின் வழியாகவும் பெற்று, அதில் எழுதத் துணிந்தார். 1988இல் நூலாக வெளிவந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' அதற்கு முன் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது என்பதை நம்மவர் கவனிக்கவேண்டும். அந்தக் கதைக்கு முதலில் இடம் கொடுத்தது நம் சமுதாய இதழே. அன்று ஓர் இதழாசிரியருக்கு இருந்த துணிவு இன்று ஒரு நூலகக் குழுவுக்கு இல்லாமற்போனது எப்படி?

முதன்முறை அந்நூலைக் கையிலெடுத்தபோது பத்துப் பக்கங்களில் மூடி வைத்துவிட்டோம். குமரிக் கடற்கரையின் பேச்சு காவிரிக் கடைமடையில் வளர்ந்த எம் காதுக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் முறை உரக்கப் படித்துப் பார்த்தோம்; அப்போதுதான் அது வழிவிட்டது. (மீரானைப் புதிதாகப் படிப்போருக்கு இதைப் பரிந்துரைக்கிறோம். வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும்.) வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி என்ற ஒரு மனிதரின் சொல்லுக்கு ஊரே கட்டுப்பட்டுக் கிடக்கிறது. அவர் வீட்டுக் கௌரவமே ஊரின் கௌரவம். அங்கே ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருகிறது. அதை ஹராம் என்று தடுக்கிறார்கள். தங்ஙள் ஒருவர் வந்து ஓதி ஊதி மக்களின் அறியாமையில் வயிறு வளர்க்கிறார். இவர்கள் எல்லோரையும் எதிர்த்துப் பேச ஓர் ஏழைச் சுறாப்பீலி வியாபாரி மட்டுமே இருக்கிறார்.

இது பழங்கதை, நம் ஊர்களில் இப்போது பொறியாளர்களும் மருத்துவர்களும் நிறைந்துவிட்டார்கள் என்று சொல்லிக் கடந்துவிடலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டம் அந்த எண்ணத்தை அசைத்தது. ஏப்ரலில் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஊர் ஊராகக் கண்டனக் கூட்டங்கள் நடந்தன, நாமும் கொடியேந்தி நின்றோம், நின்றது சரியே. செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அதன் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தபோது அல்ஹம்துலில்லாஹ் என்றோம். ஆனால் அந்த ஆறு மாத காலத்தில், எம் மஹல்லாவின் வக்ஃப் கடைகள் எத்தனை, அவற்றில் யார் இருக்கிறார்கள், என்ன வாடகை தருகிறார்கள் என்று ஒரு முறையேனும் கேட்டோமா? ஒரு ஜும்ஆவுக்குப் பின் நண்பர் ஒருவர் கேட்டார். பக்கத்துக் கடைக்காரர் தனியாருக்குத் தரும் வாடகையில் பத்தில் ஒரு பங்குகூட வக்ஃப் கடைக்கு வரவில்லை என்பது தெரிந்தது. யார் பெயரில் அந்தக் கடைகள் இருக்கின்றன என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. கேட்ட நண்பருக்கு, "நீ எந்த இயக்கத்து ஆள்?" என்ற எதிர்க்கேள்வியே பதிலாகக் கிடைத்தது. வெளியிலிருந்து வரும் கையைத் தட்டிவிட எழுந்த நாம், உள்ளே இருக்கும் கையைப் பார்க்கவும் அஞ்சுகிறோம். ஒரு வீட்டாரின் சொல்லுக்குள் ஊர் அடங்கிவிட்டால் நியாயம் கேட்பவன் ஊருக்கே எதிரியாக்கப்படுவான் என்பதை மீரான் 1988லேயே எழுதிவிட்டார். அகமதுக்கண்ணு முதலாளியை நாம் அன்று ஜும்ஆப் பள்ளியின் வெளிவாசலில் நேரிற் கண்டோம். முழுக்கை வெள்ளைச் சட்டையும் புதுக் கைப்பேசியுமாக நின்றார்.

'சாய்வு நாற்காலி' 1997ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. முன்னோர் சேர்த்த சொத்தை உட்கார்ந்தே தின்று தீர்க்கும் முஸ்தபாக்கண்ணு, உண்ட சுவை நாக்கில் உலர்வதற்குள் வீட்டுப் பொருளில் ஒன்றை விற்கிறான். மனைவியின் முதுகில் பிரம்பு விழுகிறது. வாயில் மட்டும் குலப்பெருமை குறைவதில்லை. எம் ஊரில் இத்தகைய மூன்று வீடுகளை நாம் காட்டமுடியும். பர்மா தேக்குத் தூண்களும் பீங்கான் சாடிகளும் ஒவ்வொன்றாகப் பழம்பொருள் வியாபாரியின் வண்டியில் ஏறிப் போய்விட்டன. இப்போது அவ்வீடுகளில் எஞ்சியிருப்பவை பாட்டனார் சைகோனில் கடை வைத்திருந்த கதையும், பெண் கேட்டு வருபவரிடம் அதைச் சொல்லும் தோரணையுமே.

தோரணை என்றதும் 'மீன்காரத் தெரு' நினைவுக்கு வந்துவிடுகிறது. பழனிக்கு அருகிலுள்ள கீரனூரிலிருந்து வந்தவர் ஜாகிர்ராஜா. ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நிற்கும் மக்கள், தெருவுக்குத் திரும்பியதும் பங்களாத் தெருவென்றும் மீன்காரத் தெருவென்றும் பிரிந்துபோவதை அவர் எழுதினார். இஸ்லாத்தில் சாதி இல்லை என்று மேடையில் முழங்கும் நமக்கு அது கசக்கத்தான் செய்யும். எமக்கும் கசந்தது.

அதற்கான காரணத்தை மறைக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எம் நெருங்கிய உறவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பிள்ளை படித்தவர், ஐவேளையும் தொழுபவர், வரதட்சணை வாங்குவதில்லை என்று தாமாகவே சொன்னவர். எல்லாம் கூடிவந்த நிலையில், அவருடைய பாட்டனார் மிதிவண்டியில் மீன் கூடை கட்டித் தெருத்தெருவாக விற்றவர் என்பது தெரிந்தது. பெண்ணின் பெரிய வாப்பா ஒற்றைச் சொல்லில், "சரிப்படாது" என்றார். அவர் ஆண்டுதோறும் மீலாது மேடையில் நபி (ஸல்) அவர்களின் இறுதிப் பேருரையை உருக்கமாக எடுத்துரைப்பவர். குலப்பெருமையும் நிறப்பெருமையும் இறையச்சத்துக்கு முன் ஒன்றுமில்லை என்ற பகுதிக்கு வரும்போது குரல் தழுதழுக்கும். அந்தச் சம்பந்தம் முறிந்தபோது நாம் என்ன செய்தோம்? பெரியவர் சொல்கிறார் என்று பேசாமல் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தோம். நூலகக் கூட்டத்தில் வாய்மூடி இருந்தது எமக்குப் புதிய பழக்கமன்று என்பதை வாசகர் இதற்குள் உணர்ந்திருப்பார்கள்.

கவிஞர்களிடம் நமக்கு இந்தச் சங்கடம் இல்லை. கவிக்கோ அப்துல் ரகுமான் 1999இல் 'ஆலாபனை'க்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றபோது ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினோம், பொன்னாடை போர்த்தினோம். அவர் அதற்குத் தகுதியானவரே. ஆயினும் கவிதை நிலவையும் கண்ணீரையும் பேசுவதால் நம் மீது நேராகக் கை நீட்டுவதில்லை. புதினம் கதவிலக்கம் வரை சொல்லிவிடுகிறது. அதனாலேதான் கவிஞருக்கு மேடையும் கதாசிரியருக்குக் கண்டனமும் என்று பிரித்து வைத்திருக்கிறோம் போலும்.

சல்மாவின் நூலைப் பற்றி எழுதுவதற்கு நமக்கு எளிதில் கை வரவில்லை. 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தபோது அதைப் பழித்தவர்களில் நாமும் ஒருவர். பள்ளிவாசல் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும், சமுதாயப் பெண்களின் மானத்தை விற்றுவிட்டார் என்று பேசினோம். நூலின் அட்டையைக்கூட அப்போது நாம் கண்டதில்லை. பல ஆண்டுகள் கழித்து, கல்லூரியில் தமிழ் பயிலும் எம் மகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என்ன நூல் இது என்று கடிந்தோம். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "வாப்பா, படித்துவிட்டு இதில் எது பொய் என்று சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை நானே கிழித்துவிடுகிறேன்" என்றாள்.

நான்கு இரவுகள் படித்தோம். எமக்கு ஒப்பாத பகுதிகள் அதில் உண்டு. வேண்டியதற்கு மேல் விரித்துச் சொன்ன இடங்களும் உண்டு. இன்றும் அக்கருத்தில் மாற்றமில்லை. ஆனால் பொய் என்று காட்ட ஒரு பக்கமும் அகப்படவில்லை. பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சிறுமி எம் சொந்த ராத்தா. கணக்குப் பாடத்தில் என்னைவிட வல்லவராயிருந்த அவர், பதின்மூன்று வயதில் வீட்டுக்குள் வந்தவர், ஜன்னல் கம்பி வழியாக எம் வீட்டுப்பாடத்தைச் சரிபார்த்துக் கொடுப்பார். கணவன் சபர் போய் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் வீடுகளில், பெண்கள் இரவுகளை எப்படிக் கழித்தார்கள் என்பதை எம் தெருவின் எந்த ஆணும் கேட்டதில்லை. அந்நூலில் அவர்கள் கூடிப் பேசுகிறார்கள், கேலி செய்கிறார்கள், அழுகிறார்கள், ஒருவருக்கொருவர் ஆறுதலாகிறார்கள், ஒருவரையொருவர் காட்டியும் கொடுக்கிறார்கள். நம் வீட்டு அடுக்களையில் நடந்த பேச்சு அது. நாம் கூடத்தில் இருந்ததால் கேட்கவில்லை.

துவரங்குறிச்சியில் படிப்பு நிறுத்தப்பட்டு, வீட்டார் உறங்கியபின் ஒளித்து ஒளித்து எழுதி, புனைபெயரில் கவிதை வெளியிட்ட அப்பெண்மணி, 2001இல் உள்ளாட்சித் தேர்தலில் வென்று தம் பேரூராட்சியின் தலைவரானார். 2025இல் தமிழகத்திலிருந்து மாநிலங்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் சார்ந்த கட்சியைப் பற்றி இங்கே பேச்சில்லை. அது அவரவர் விருப்பம். அந்தச் செய்தி வந்த நாளில், 2004இல் எம்மோடு திண்ணையில் அமர்ந்து அவரை ஏசியவர்களில் இருவர், நம் சமுதாயத்துச் சகோதரி என்று பெருமையோடு வாழ்த்துச் செய்தியைப் பகிர்ந்திருந்ததைக் கைப்பேசியில் கண்டோம். பதவிக்கு வந்தால் சகோதரி, எழுதினால் பகை. நாடாளுமன்றத்தில் அமரலாம், எம் மதரஸாவின் மாடி அலமாரியில் அமரக்கூடாது.

இந்த எழுத்தாளர்களிடம் எமக்குக் குறையே இல்லை என்று எண்ணவேண்டாம். இவர்கள் கதைகளில் ஆலிம்கள் பெரும்பாலும் ஏமாற்றுக்காரராகவோ, பணக்காரரின் கைப்பாவையாகவோ, அன்றி நகைப்புக்குரியவராகவோ வந்துபோகிறார்கள். குறைந்த சம்பளத்தில், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வழியின்றி, வாடகை வீட்டில் இருந்துகொண்டு, நூறு பிள்ளைகளுக்கு அலிஃப் பா தா கற்பிக்கும் ஹஜ்ரத்தை நாம் அந்தப் பக்கங்களில் தேடினோம், கண்டது அரிது. எம் மஹல்லாவில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, ஊரின் ஒவ்வொரு மய்யித்துக்கும் முன்னின்று, ஓய்வூதியம் ஏதுமின்றிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிய ஒரு பெரியவரை நாம் அறிவோம். அவரைப் பற்றி ஒரு புதினம் எழுதப்படவேண்டும். அதைக் கோழிக்கோட்டுக்காரரோ சென்னைக்காரரோ வந்து எழுதமாட்டார். எம் மதரஸாவில் அவரிடம் ஓதிய பிள்ளைகளில் ஒருவரே எழுதமுடியும். கதையே படிக்காமல் வளரும் பிள்ளை எப்படி எழுதும்?

மீரானின் 'அஞ்சுவண்ணம் தெரு'வையும் ஒரு சொல் சொல்லிவிடுகிறோம். பழைய வழக்கங்களைப் பேணுவோருக்கும் அவற்றை மறுப்போருக்கும் இடையே ஒரு நெசவாளர் தெருவில் விழுந்த பிளவைச் சொல்வது அது. இரண்டு தரப்பில் எதைச் சேர்ந்தவராயினும், ஒரே தெருவில் இரண்டு பெருநாள் கொண்டாடிப் பார்த்தவர்களுக்கு அந்நூல் வலிக்கும். சென்ற ஷவ்வாலில் எம் தெருவில் ஒரு வீட்டில் நோன்பும் எதிர்வீட்டில் பெருநாளுமாக இருந்தது. இரு வீட்டாரும் உடன்பிறந்தவர்கள். எதிர்வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரவில்லை என்று எழுபது கடந்த தாய் வாசலில் அமர்ந்திருந்ததைக் கண்டோம். இரு தரப்பு ஆதாரங்களையும் நாம் படித்திருக்கிறோம். அந்தத் தாயைப் பற்றி ஒரு துண்டறிக்கையிலும் ஒரு வரி இல்லை.

ஊர் சிரிக்கும் என்கிறார்கள். தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் நம்மைக் குண்டு வைப்பவராகவும் நான்கு மனைவி கட்டுபவராகவும் காட்டுகிறார்கள் என்று நாம் முறையிடுகிறோம், நியாயமான முறையீடு. அந்தப் பொய்ச் சித்திரத்துக்கு மாற்றாக, மீன் விற்பவரும் நெய்பவரும் சுறாப்பீலி வாங்குபவரும் கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரியாயிருந்த ராத்தாவுமாக நம்மை முழு மனிதராகக் காட்டியவர்கள் இந்த நான்கைந்து பேர்தாம். முஸ்லிமல்லாத எம் அலுவலக நண்பர் ஒருவர் 'சாய்வு நாற்காலி'யைப் படித்துவிட்டு வந்து, "எங்கள் பெரியப்பாவை அப்படியே எழுதியிருக்கிறார்" என்றார். அவர் சிரித்தது உண்மை; தம் பெரியப்பாவை நினைத்தே சிரித்தார்.

சென்ற வாரம் மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு மகளோடு போனோம். நான்கு நூல்களையும் எம் சொந்தப் பணத்தில் வாங்கினோம். கழிவு போகப் பெருந்தொகையொன்றும் ஆகவில்லை. ஐந்தாவதாகச் சித்தி ஜுனைதா பேகத்தின் நூலைக் கேட்டுப் பல அரங்குகளில் ஏறி இறங்கினோம், கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ராத்தா 'சாய்வு நாற்காலி'யை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருநூறு பக்கம் தாண்டிவிட்டாராம். முஸ்தபாக்கண்ணுவை நேரில் கண்டால் நாலு வார்த்தை கேட்பேன் என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னார்.

மற்ற மூன்றுக்கும் மகள் உறையிட்டு, நூலகத்தின் பெயரை எழுதி, வரிசை எண் இடவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள். குழுவின் அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு இஷாவுக்குப் பின். இந்த நூல்களை நன்கொடையாக ஏற்றுக்கொள்ளக் கோரும் கடிதத்தை முத்தவல்லியிடம் கொடுத்துவிட்டோம். வக்ஃப் கடைகளின் வாடகைக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும் என்ற வேண்டுகோளும் அதே கடிதத்தின் இரண்டாம் பத்தியில் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டு, "இரண்டையும் ஏன் ஒரே தாளில் எழுதினீர்கள்?" என்று அவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறோம் என்று கூறி வந்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.